தூத்துக்குடிக் கடற்கரைக் கிராமங்களும் ரேடியோ நிகழ்ச்சிகளும்

ஆனி மாதத்தில் சென்னையிலிருந்து பேசும் விவசாய நிபுணர் ஒருவர் குறுவைச் சாகுபடியைப்பற்றி எவ்வளவு தெளிவாக எடுத்துரைத்தபோதிலும், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுப் பாசனத்தில் நிலம் வைத்திருப்பவருக்கு அதில் பாதிதான் பயன்படும். தாமிரபரணிப் பாசனத்தில் போகங்களின் பெயர் காரும் பிசானமும் ஆகும். பெயர் மட்டுமன்று, நீர் வரும் காலமும் வழியும் வேறு. அதே ஜில்லாவில் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் ஆகிய கரிசல் பகுதிகளில் கால்வாய் என்ற பேச்சே இல்லை. அங்கே புரட்டாசியில் மழையை எதிர்பார்த்து விதைப்பதா, மழை விழுந்தபின் விதைப்பதா என்பதே ஆண்டின் பெரிய கேள்வி. கடலோரத்துக்கு வந்தாலோ உப்பளக்காரருக்கு மழை பகையாகவும், மானாவாரிக்காரருக்கு அதே மழை உயிராகவும் இருக்கின்றன. ஒரே நாளில் பெய்யும் ஒரு மழையைப்பற்றி இவ்வளவு வேறுபட்ட அக்கறையுள்ளவர்கள் வசிக்கும் ஜில்லா தமிழ்நாட்டில் அதிகமில்லை.

ஆகவே, ரேடியோவிலும் டெலிவிஷனிலும் பிரதேச நிகழ்ச்சி என்பதும் உள்ளூர் நிகழ்ச்சி என்பதும் ஒன்றல்ல என்பதை முதலில் மனத்திற் கொள்ளவேண்டும். தமிழ் பேசும் மக்கள் அனைவருக்கும் பொதுவாகத் தமிழில் ஒலிபரப்பப்படுவது பிரதேச நிகழ்ச்சி. ஒரு நதியின் பாசனத்துக்கோ, ஒரு துறைமுகத்துக்கோ, ஒரு மண்வகைக்கோ உரியதாய், அந்தந்த இடத்தாரின் வழக்குச் சொல்லில் சொல்லப்படுவது உள்ளூர் நிகழ்ச்சி. முன்னது கிடைத்துவிட்டதால் பின்னதும் கிடைத்துவிட்டதாக எண்ணிவிடுவது சாதாரணமாக நேரும் பிழை. தூத்துக்குடிக் கடற்கரையின் அனுபவத்தைப் பார்த்தால் இது எளிதில் விளங்கும்.

செய்தி காலத்தில் வந்து சேர்வதன் அருமையை இக்கடற்கரை மக்கள் ரேடியோ வருவதற்கு வெகுகாலத்துக்கு முன்பே அறிந்திருந்தார்கள். முத்துக்குளிப்பு நடைபெற்ற நாட்களில், கடலடியிலுள்ள பார்களை அதிகாரிகள் முதலிற் பரிசோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து மதிப்பிட்டு, அதன் பிறகே குளிப்பு நடைபெறும் காலமும் இடமும் சர்க்கார் அறிவிப்பாக வெளிவரும். சிப்பி முதிர்வதற்குமுன் எடுத்தால் முத்து தேறாது. காலம் தாழ்த்தினால் சிப்பிகள் தாமே மடிந்து பார் வெறுமையாகிவிடும். கீழக்கரையிலிருந்தும் இலங்கையிலிருந்தும் குளிப்போரும் வியாபாரிகளும் வந்து கூடவேண்டியிருந்ததால், அறிவிப்பு உரிய நாளில் ஊர் ஊராகச் சென்று சேருவது இன்றியமையாததாயிற்று. அந்தத் தொழில் 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஊருக்குள்ளே இருந்த ஒலிபரப்பு தண்டோராவே. அது சொன்னது கொஞ்சம். ஆனால் எந்த மடை, எந்தத் தேதி, எவ்வளவு தீர்வை என்று திட்டமாகச் சொல்லிற்று.

தென்னாட்டில் ரேடியோ ஒலிபரப்பு 1924-ஆம் ஆண்டில் சென்னை மாகாண ரேடியோ கிளப்பினால் ஆரம்பிக்கப்பட்டது. பணமுடையால் 1927-இல் அக்கிளப் கலைந்தபோது அதன் கருவி சென்னை நகரசபைக்குக் கொடுக்கப்பட்டது. நகரசபை 1930 முதல் மாலை வேளைகளில் ஒலிபரப்பி வந்தது. 1938 ஜூன் 16-இல் சென்னையில் அகில இந்திய ரேடியோ நிலையமும், 1939 மே 16-இல் திருச்சிராப்பள்ளி நிலையமும் திறக்கப்பட்டன. வானிலை இலாகா 1945-இல் விவசாயிகளுக்கென்றே வானிலை அறிக்கை தயாரித்து, அந்தந்தப் பாஷையில் ரேடியோ மூலம் வெளியிடத் தொடங்கிற்று. இவ்வளவும் நடந்த காலத்தில் தூத்துக்குடியில் ரேடியோப் பெட்டி வைத்திருந்தவர்களுக்கு நன்றாகக் கேட்டது எது? சென்னை அன்று; கொழும்பு.

இதற்குக் காரணம் ரசனை மட்டுமன்று. மத்திய அலைகள் பகலில் பெரும்பாலும் நிலத்தின் மேற்பரப்பைத் தழுவியே செல்கின்றன. செல்லும் வழியிலுள்ள மண் மின்சாரத்தை எவ்வளவு நன்றாகக் கடத்துகிறதோ அவ்வளவு தூரம் அலை தேயாமற் போகும். வறண்ட செம்மண்ணும் பாறையும் அலையை விரைவில் விழுங்கிவிடும். உப்பு நிறைந்த கடல் நீரோ வறண்ட நிலத்தைவிடப் பல நூறு மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்துவது. தூத்துக்குடியிலிருந்து கொழும்பு நேர்கோட்டில் சுமார் 280 கிலோமீட்டர். அதிற் பெரும்பகுதி மன்னார்க் குடாக் கடல். சென்னையோ சுமார் 530 கிலோமீட்டர், வழியெல்லாம் நிலம். திருச்சிராப்பள்ளி கொழும்பைவிடச் சற்றே அருகிலிருந்தும், இடையிலுள்ள வறண்ட சீமை அதன் ஒலியைக் குறைத்துவிட்டது. இரவில் இந்த நிலை மாறும். சூரியன் மறைந்தபின், மேல்வானத்திலுள்ள மின்னூட்டம் பெற்ற அடுக்குகள் மத்திய அலைகளைத் திருப்பிப் பூமிக்கு அனுப்புவதால், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நிலையங்களும் கேட்கும். ஆனால் ஒன்றோடொன்று மோதிக் கரகரவென்று இரைச்சலும் உண்டாகும். இரவில் ஒரு நிலையம் தெளிவாகக் கேட்டதைக்கொண்டு அது பகலிலும் கேட்கும் என்று எண்ணலாகாது.

1952-க்குப் பிறகு அகில இந்திய ரேடியோவில் சினிமாப் பாட்டுக்கள் மிகவும் குறைக்கப்பட்டபோது, இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்புத் தென்பாண்டி நாட்டில் வேரூன்றியது. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீது முதலிய அறிவிப்பாளர்களின் குரல்கள் இக்கடற்கரை வீடுகளில் உறவினர் குரல்போல் ஆயின. 1957 அக்டோபர் 3-இல் 'விவித பாரதி' தொடங்கியதற்கு இந்தப் போட்டியும் ஒரு காரணம். எனினும் ஒன்று சொல்லவேண்டும். கொழும்பிலிருந்து வந்த தமிழ் நல்ல தமிழ். பாட்டும் நல்ல பாட்டு. ஸ்ரீவைகுண்டத்துக் கால்வாயில் தண்ணீர் விடும் தேதியை மட்டும் அது சொல்ல இயலாது. தெளிவாகக் கேட்பது ஒன்று, வேண்டியதைக் கேட்பது மற்றொன்று.

திருநெல்வேலியில் 1963 டிசம்பர் 1-இல் நிலையம் ஏற்பட்டதும் இக்குறை பெரும்பாலும் நீங்கிற்று. தூத்துக்குடி அப்பொழுது திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது; தனி ஜில்லாவானது 1986 அக்டோபர் 20-இல். 1197 கிலோஹெர்ட்ஸில், அதாவது சுமார் 250 மீட்டரில், காரும் பிசானமும் என்று பேசும் குரல் ஒன்று கேட்கலாயிற்று. பஞ்சாயத்து ஆபீஸ்களில் சர்க்கார் வைத்த பொது ரேடியோவும், கம்பத்தின்மேல் கட்டிய குழாய் ஒலிபெருக்கியும் மாலையில் ஊர் முழுவதும் கேட்கும்படி நிகழ்ச்சிகளை அளித்தன.

கிராம நிகழ்ச்சியைக் கேட்பதால் மட்டும் விவசாயி தன் பழக்கத்தை மாற்றிக்கொள்வானா என்ற சந்தேகம் அக்காலத்திலும் இருந்தது. 1956-இல் பூனாவைச் சுற்றிய ஐந்து ஜில்லாக்களில், ஐ. நா. கல்வி விஞ்ஞான கலாசார ஸ்தாபனத்தின் உதவியோடு, சுமார் 150 கிராமங்களில் இதற்கென ஒரு சோதனை நடத்தப்பட்டது. வாரத்துக்கு இரு முறையாகப் பத்து வாரங்களில் இருபது நிகழ்ச்சிகள். கிராமத்தார் சிலர் ஒரு குழுவாக அமர்ந்து கேட்டு, கேட்டதைத் தங்களுக்குள் விவாதித்து, எழுந்த கேள்விகளை நிலையத்துக்கு எழுதி அனுப்பினர். நிலையத்தார் அடுத்த நிகழ்ச்சிகளில் விடையளித்தனர். கனடாவில் 1941 முதல் நடந்துவந்த முறையை ஒட்டியது இது. குழுவாகக் கேட்ட கிராமங்களில் விஷய அறிவு மிகவும் உயர்ந்ததென்றும், வெறுமனே ரேடியோப் பெட்டி மட்டும் வைக்கப்பட்ட கிராமங்களில் அத்தகைய முன்னேற்றம் தென்படவில்லை என்றும் ஆராய்ச்சியாளர் கண்டனர். பெட்டி கொடுப்பது பாதி வேலைகூட அன்று என்பதை இச்சோதனையைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டவில்லை. 1959-இல் இம்முறை நாடு முழுவதும் விரிக்கப்பட்டது. விரிந்த வேகத்தில் கேள்விகளுக்கு விடை சொல்லும் வழக்கம் பல இடங்களில் மெலிந்துபோனது வருந்தத்தக்கதே.

நல்ல முறையில் நடந்ததற்கு உதாரணம் தஞ்சையில் உண்டு. 1966-இல் நாட்டின் சில நிலையங்களில் பண்ணை இல்லப் பிரிவுகள் அமைக்கப்பட்டன. திருச்சிராப்பள்ளி அவற்றுள் ஒன்று. விவசாய இலாகா அதிகாரிகளும் ரேடியோ நிலையத்தாரும் ஒரே மேஜையில் அமர்ந்து, எந்த வாரம் எதைச் சொல்வதென்று திட்டமிட்டனர். அப்பொழுது ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் ஜப்பானிய நெல்லையும் ஜி.இ.பி. 24-ஐயும் ஒட்டி உண்டாக்கிய ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் வெளிவந்திருந்தது. நாற்றங்கால் விடும் நாளில் நாற்றங்காலைப் பற்றியும், மேலுரம் இடும் நாளில் மேலுரத்தைப் பற்றியும் ரேடியோ பேசிற்று. விவசாயிகள் அந்த நெல்லுக்கு இலாகா இட்ட எண்ணை விட்டுவிட்டு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டுவிட்டனர். விதைக்கடையில் போய் ரேடியோ நெல் கொடு என்று கேட்டார்களாம். ஒலிபரப்புக்கு இதைவிட உயர்ந்த நற்சாட்சிப் பத்திரம் தேடவேண்டியதில்லை. அந்த வெற்றிக்குக் காரணம், திருச்சிராப்பள்ளி நிலையத்தின் எல்லையும் காவிரிப் பாசனத்தின் எல்லையும் ஏறக்குறைய ஒத்திருந்ததே. சொன்னவருக்கும் கேட்டவருக்கும் ஒரே ஆற்றின் கணக்கு.

தூத்துக்குடியில் இதற்கு நேர்மாறான விசித்திரம் ஒன்று உண்டு. அங்கே அகில இந்திய ரேடியோ நிறுவிய ஒலிபரப்பி 200 கிலோவாட் சக்தியுடையது. 1053 கிலோஹெர்ட்ஸில் இயங்கியது. முதன்மையாக அயல்நாட்டு ஒலிபரப்புக்காக, இலங்கையிலுள்ள தமிழரை நோக்கி அமைந்தது. முன்னே கொழும்பின் குரல் கடல்மேல் தவழ்ந்து இங்கு வந்தது போலவே, இங்கிருந்து அங்கு போயிற்று. கடலருகே கோபுரம் நிறுத்துவதன் பயனை அறிந்தோர் செய்த ஏற்பாடு அது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் கோபுரத்தின் நிழலில் உப்பு வாருகிறவர் தம் தொழிலைப்பற்றிய பேச்சைக் கேட்கத் திருநெல்வேலியைத்தான் திருப்பவேண்டியிருந்தது. ஒலிபரப்பி எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊருக்கு உள்ளூர் நிகழ்ச்சி கிடைக்கும் என்பது நிச்சயமில்லை. பேசுவோர் எங்கே அமர்ந்து, யாரைக் கேட்டு, எதைத் தயாரிக்கிறார்கள் என்பதே முக்கியம்.

டெலிவிஷனைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாற் போதும். 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை துணைக்கோள் மூலம் ஆறு ராஜ்யங்களில் 2,400 கிராமங்களுக்கு விவசாய, சுகாதார நிகழ்ச்சிகள் காட்டப்பட்டன. தமிழ்நாடு அவற்றுள் இல்லை. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15-இல் ஆரம்பமாகி, 'வயலும் வாழ்வும்' என்ற நல்ல நிகழ்ச்சியைப் பின்னர் அளித்ததெனினும், அதன் அலை அந்நாளில் தெற்கே எட்டவில்லை. 1982 பிப்ரவரி 15-இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும், தூத்துக்குடி வட்டாரத்தில் மாடிகள்தோறும் உயர்ந்த கம்பங்கள் நின்று கிழக்கு நோக்கின. டெலிவிஷன் அலை பார்வை எட்டும் தூரமே செல்லும் இயல்புடையது. 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகலை மலையுச்சியிலிருந்து அனுப்பப்பட்டதாலும், கடற்காற்றின் அடுக்குகள் சில பருவங்களில் அலையை வளைத்துக் கொணர்ந்ததாலும் படம் இக்கரையில் விழுந்தது. சில நாள் கண்ணாடிபோல் தெரியும். சில நாள் வெறும் புள்ளிமழை. பின்னர் கேபிளும் தட்டு ஆண்டெனாவும் வந்தன. பூமியிலிருந்து அனுப்பப்பட்ட தூர்தர்ஷனின் பழைய முறை ஒலிபரப்பிகள் ஏறத்தாழ எல்லாம் 2022 மார்ச்சுக்குள் மூடப்பட்டுவிட்டன. 2015 மே மாதம் தொடங்கிய விவசாய டெலிவிஷன் தடம் நாடு முழுமைக்கும் பொதுவானது. ஒரு தாலுகாவின் தண்ணீர்க் கணக்கை அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று.

உள்ளூர் நிகழ்ச்சிக்கு இன்று சட்டபூர்வமாக உள்ள சிறந்த வழி சமுதாய வானொலி ஆகும். சென்னை அண்ணா பல்கலைக் கழகத்தில் 2004 பிப்ரவரி 1-இல் தேசத்தின் முதல் கல்விக்கூட வானொலி ஏற்பட்டது. 2006-இல் மத்திய சர்க்கார் விதிகளைத் தளர்த்தி, தொண்டு நிறுவனங்களும் விவசாய விஞ்ஞான நிலையங்களும் அனுமதி பெறலாம் என்று ஆக்கிற்று. இவற்றின் சக்தி சாதாரணமாக 100 வாட்டுக்கு மேற்படாது. பத்து, பதினைந்து கிலோமீட்டர் சுற்றளவே கேட்கும். நிகழ்ச்சிகளிற் பாதியேனும் உள்ளூரிலேயே தயாரிக்கப்படவேண்டுமென்பது விதி. மன்னார்க் குடாவின் வடகோடியிலுள்ள பாம்பனில் 2016 ஆகஸ்டு 15-இல் தொடங்கிய 'கடல் ஓசை', மீனவர்களுக்கென்றே ஏற்பட்டதால் பலருடைய கவனத்தையும் ஈர்த்தது. வாடை, கொண்டல், கச்சான் என்று கடலோரத்தார் பேசும் காற்றின் பெயர்களை அந்தக் கடலோரத்தார் வாயாலேயே சொல்ல வைப்பது தலைநகர நிலையத்தால் ஆகிற காரியமன்று. அக்கரையில் 1981-இல் தொடங்கிய மகாவலி சமுதாய வானொலியும் குறிப்பிடத்தக்கது. அதன் தயாரிப்பாளர்கள் புதிய குடியேற்றக் கிராமங்களில் சில நாட்கள் தங்கி, குடியானவர்களையே பேசவைத்துப் பதிவு செய்தனர். நிபுணர் பேச்சுக்கு அங்கே இரண்டாம் இடமே.

இந்த விஷயத்தில் பணயமாயிருப்பது பொழுதுபோக்கன்று. 2017 நவம்பர் 29-ஆம் தேதி இலங்கைக்குத் தென்கிழக்கே உண்டான தாழ்வழுத்தம் மறுநாளே 'ஒக்கி' புயலாகிக் குமரி முனையைத் தாக்கியது. பல நாள் தங்கி மீன்பிடிக்கும் படகுகள் அதற்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றுவிட்டன. கைத்தொலைபேசி கரையிலிருந்து சில மைல்களுக்கு அப்பால் பயனற்றது. எச்சரிக்கை வெளியிடுவதற்கும் அது கேட்கவேண்டியவர் காதில் விழுவதற்கும் இடையிலுள்ள தூரத்தை அந்தப் புயல் கொடுமையாகக் காட்டிற்று. அதன் பிறகு 2019-இல் துணைக்கோள் மூலம் எச்சரிக்கை பெறும் சிறு கருவி மீனவர்களுக்காக அறிமுகப்படுத்தப்பட்டது.

நிலத்திலும் அவ்வாறே. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணியும் குளங்களும் கரை புரண்டன; ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூரிலிருந்து வந்த ரயில் நூற்றுக்கணக்கான பிரயாணிகளுடன் வெள்ளத்தின் நடுவே நின்றுவிட்டது. பல கிராமங்களில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் ஒருங்கே அற்றுப்போயின. அப்படிப்பட்ட இரவில் ஒருவருக்கு வேண்டுவது, புயற் சின்னம் எங்கே நிலைகொண்டுள்ளது என்ற பொதுச் செய்தியன்று. எந்தக் குளம் உடைந்தது, எந்தப் பாலத்தில் போகலாகாது, மாடுகளை எந்த மேட்டுக்கு ஓட்டலாம் என்பதே. இரண்டு பாட்டரியில் ஓடும் ரேடியோ அவ்வேளையிலும் பேசும். ஆனால் அதற்குள்ளிருந்து பேச உள்ளூர் விவரம் தெரிந்த ஒருவர் நிலையத்தில் இருக்கவேண்டும். அவருக்கு விவரம் கொடுக்க ஒவ்வொரு கிராமத்திலும் ஒருவர் இருக்கவேண்டும். செலவைக் குறைப்பதற்காக உள்ளூர் நேரத்தைச் சுருக்கித் தலைநகர நிகழ்ச்சியை அஞ்சல் செய்யும் நிலையம், வெயிற்காலத்தில் யாருக்கும் குறைவாகத் தோன்றாது.

சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தி அறிக்கை வாசிக்க அனுமதியில்லை. அகில இந்திய ரேடியோவின் செய்தியையே அஞ்சல் செய்யலாம். எனினும் வானிலை, குடிநீர், மின்சாரம், இயற்கைச் சேதம் முதலியவற்றைப்பற்றி ஸ்தல அதிகாரிகள் கொடுக்கும் அறிவிப்புக்கள் செய்தியாகக் கருதப்படா, அவற்றை ஒலிபரப்பலாம். இந்த விதிவிலக்கைக் கிராம நிர்வாக அதிகாரிகளும் பஞ்சாயத்துத் தலைவர்களும் நன்கு பயன்படுத்திக்கொள்ளவேண்டும். நிலையத்துக்குக் குறிப்பு அனுப்பும்போது, "விவசாயிகள் எச்சரிக்கையாக இருக்கவும்" என்பது போன்ற பொதுவாக்கியங்களால் பயனில்லை. கால்வாயின் பெயர், மடை, தேதி, நேரம், தொடர்புகொள்ள வேண்டிய அலுவலகம் ஆகியவை இருக்கவேண்டும். நிலத்தின் அளவையும் விதையின் அளவையும் ஏக்கர், கிலோ என்று எழுதுவதோடு, பழைய குடியானவர்களுக்கு விளங்கும்படி கோட்டை, மரக்கால் கணக்கிலும் எழுதினால் நன்று. விதைப்பைப் பற்றிய குறிப்பு விதைப்புக்கு இரண்டு வாரம் முன்பே நிலையத்தை அடையவேண்டும். நிகழ்ச்சியைக் கேட்டபின் எழும் கேள்விகளைத் தபால் அட்டையிலேனும் எழுதி அனுப்புவது அவசியம். கேள்வி வராத நிலையத்தில் நிகழ்ச்சி தயாரிப்போர் தம் இஷ்டப்படியே பேசிக்கொண்டிருப்பர்.

ரேடியோப் பெட்டியைப் பற்றியும் சில குறிப்புக்கள். மத்திய அலையில் ஒலி மங்கலாயிருந்தால், பெட்டியை மேஜைமேல் வைத்தபடியே மெள்ளத் திருப்பிப் பார்க்கவேண்டும். உள்ளேயிருக்கும் ஆண்டெனாக் கோல் நிலையத்துக்குக் குறுக்காக நிற்கும்போது ஒலி ஓங்கும். நிலையத்தை நோக்கி நீளவாட்டில் நிற்கும்போது அடங்கிவிடும். பம்பு செட் மோட்டாருக்கும் மலிவான மின்விளக்குகளுக்கும் அருகே வைத்தால் இரைச்சல் மிகும், இடியின்போதும் அவ்வாறே. பண்பலையில் இத்தொல்லை குறைவு, ஆனால் எட்டும் தூரமும் குறைவு. வேண்டிய நிலையத்தின் இடத்தை முட்பலகையில் மையால் குறியிட்டு வைத்தால் இருட்டிலும் கண்டுகொள்ளலாம். கடலோரக் காற்றின் உப்பு, பாட்டரி முனைகளைத் துருப்பிடிக்கச் செய்யும். பெட்டியை உபயோகிக்காத மாதங்களில் பாட்டரிகளைக் கழற்றித் தனியே வைத்து, ஐப்பசி பிறக்குமுன் முனைகளை உலர்ந்த துணியால் துடைத்து, புதிய பாட்டரிகளைப் போட்டு, பகலில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் கேட்டுப் பார்த்துவிடவேண்டும்.